முப்பத்தோராம் நம்பர் முத்திரை

வளைகுடாவில், ருவைஸில் இருக்கிற தமிழ் நண்பர்கள் பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். வருஷா வருஷம் போடுவதுதான். கோலப் போட்டியில் ஜெயித்தவர்களின் படம், குழந்தைகள் வரைந்த மாடு, நடுவில் ‘நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்’ என்று இரண்டு பக்கம். இந்த வருஷம் அந்தப் பக்கத்தில் வீரபாண்டி. பதினெட்டு வருஷம் அவரோடு ஒரே ரூமில் கிடந்தவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். “நல்லதா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க செல்வசிங். அந்த ஆக்ஸிடென்ட் விஷயம் மட்டும் வேண்டாம்” என்றார் மலர்க் குழுக்காரர். பெரிய மனசு பண்ணுகிறாராம்.

வீரபாண்டியின் அஜாக்கிரதையால் ஆப்பிரிக்காவில் மூன்று பேர் செத்தார்கள் என்று இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர் அதை மறந்துவிட்டார்கள். அந்த மூன்று பேர் சாவுக்குக் காரணம் அவர் இல்லை, நான். அவர் மேல் ஒட்டிய அந்தப் பெயரைக் கழற்றத்தான் இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

வீரபாண்டிக்கு ஊர் கமுதிப் பக்கம். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மதுரையில் ஒரு லேத் பட்டறையில் பதினெட்டு வருஷம் இரும்புத்தூள் தின்றுவிட்டு, இரண்டாயிரத்து மூன்றில் இங்கே வந்தார். நான் நாசரேத் பக்கத்துக்காரன், இரண்டு வருஷம் கழித்து வந்தேன். எங்கள் யார்டு ருவைஸுக்கு வெளியே, உப்பும் மணலும் கலந்த பொட்டல் வெளியில் இருக்கிறது. சுற்றியிருக்கிற ஆலைகளில் கழற்றிய வால்வுகளைக் கொண்டுவருவார்கள். பிரித்து, கழுவி, தேய்த்து, மறுபடி மாட்டிச் சோதித்து அனுப்ப வேண்டும். நான் தேய்க்கிற ஆள். அவர் சோதிக்கிற ஆள்.

அவர் பார்த்தது ரிலீஃப் வால்வு. வீட்டுக் குக்கரில் வெயிட் போடுகிறோமே, அதற்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் எல்லை தாண்டினால் திறந்து வெளியே விட வேண்டும். தாண்டாத வரைக்கும் இறுக மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். அதற்கு முன்பே கசிகிற வால்வைப் போல ஆபத்தான சாமான் ஆலைக்குள் வேறில்லை.

கசிவு பார்க்கிற விதம் சின்னப் பிள்ளை விளையாட்டுப் போல இருக்கும். வால்வைச் சோதனை மேடையில் பூட்டிக் காற்றை ஏற்ற வேண்டும். அதன் வாயிலிருந்து ஒரு மெல்லிய குழாயை எடுத்துத் தண்ணீருக்குள் விட வேண்டும். ஐந்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். அதன் பிறகு ஒரு முழு நிமிஷம், வருகிற குமிழியை எண்ண வேண்டும். இருபது வரை போகலாம். இருபத்தொன்று வந்தால் கழற்றி, தேய்த்து, மறுபடி முதலிலிருந்து. ஐம்பது டிகிரி வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு ஐந்து நிமிஷம் சும்மா இருப்பது என்றால் என்ன என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

வீரபாண்டி எண்ணுவதைக் கேட்பது எனக்கு வேடிக்கை. களத்தில் நெல் அளந்த குடும்பம், ஒன்று என்று வாயில் வராது. “லாபம், ரெண்டு, மூணு...” என்றுதான் ஆரம்பிப்பார்.

“அண்ணாச்சி, ஒழுகுத வால்வுல வார மொதக் குமிழிக்குப் போயி லாபம்ங்கியளே, நல்லா இருக்கா?” என்பேன்.

“நாக்குல ஊறிப் போச்சுய்யா சிங்கு. நீ ஒன் வேலயப் பாரு” என்பார்.

தேறிய வால்வில் கம்பி கோத்து, ஒரு ஈயக் குண்டை மாட்டி, பிளையரால் நசுக்குவார்கள். பிளையரின் வாயில் வெட்டியிருக்கிற சோதித்தவரின் நம்பர் ஈயத்தில் பதியும். யார்டில் மூன்று பேருக்குத்தான் அந்த நம்பர் உண்டு. வீரபாண்டியுடையது முப்பத்தொன்று. அவசரம் என்று சூப்பர்வைசர் விஷால் பக்கத்தில் வந்து தொண்டை கிழியக் கத்தினாலும் நிமிஷத்தில் ஒரு நொடி குறைக்க மாட்டார். “இவரு பெரிய அரிச்சந்திரன்” என்று மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவரும் எங்கள் யார்டின் ஒரு பழக்கத்துக்கு உடன்பட்டிருந்தார். அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. சோதிக்கிறவர் லீவில் போனால் அவர் மேடை நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். மேடை நின்றால் லீவு கிடையாது என்பது ஆபீஸின் நடப்பு. அதனால் ஊருக்குப் போகிறவர் தன் பிளையரைத் தன்னோடு வேலை பார்க்கிற ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவர் நம்பரிலேயே வேலை ஓடும். மற்ற இரண்டு பேரில் ஷம்சாத் அப்படித்தான் போவார், முகம்மது சித்தீக்கும் அப்படித்தான். வீரபாண்டி என்னிடம் கொடுப்பார். ஆபீஸுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள். பத்து வருஷத்துக்கு மேல் இது நடந்தது. ஒரு குறையும் வரவில்லை, ஏனென்றால் எங்களுக்குள் ஒருவர் நம்பரை ஒருவர் கெடுத்ததில்லை.

ஹமீசி எங்களிடம் வந்தது இரண்டாயிரத்துப் பதினேழில். தான்சானியாவின் தென்கரையில் ஒரு மீன்பிடி ஊர்க்காரன், முப்பது வயசு இருக்கும். வால்வு கழுவுகிற வேலை. முதல் மாசமே வீரபாண்டியிடம் ஒட்டிக்கொண்டான். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று இங்கே விதி. அந்த இரண்டரை மணி நேரம் ஓய்வுக் கொட்டகையில் ஏசிக்குக் கீழே மூன்று பேரும் கால் நீட்டிக் கிடப்போம். அவன் பேசியதெல்லாம் கேம்ப் ஹிந்தி. நான் தமிழில் தருகிறேன்.

“பாண்டி பாய், உங்க வீட்டுல என்ன அடுப்பு?” என்று ஒருநாள் கேட்டான்.

“கேஸுதான். எம் பொண்டாட்டி நாகஜோதி வெறகு அடுப்பத் தொட்டுப் பதினஞ்சு வருசமாச்சு.”

“எங்க கடலுக்கு அடியில கேஸ் இருக்கு. எங்க வீட்டுக்குள்ள கரி. ஜுஹுராவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது.” ஜுஹுரா அவன் மனைவி. போனில் அவன் அவளோடு பேசும்போது அந்த இருமலை நாங்களும் கேட்டிருக்கிறோம்.

யார்டு வாசலில் ஒரு பெரிய பலகை வைத்தார்கள். இரண்டாயிரத்து ஐம்பதுக்குள் கரிப்புகை பூஜ்யம் என்று ஆங்கிலத்திலும் அரபியிலும். பச்சை இலைப் படம் வேறு. அதைச் சுற்றி ஐந்து மைலுக்கு ஒரு இலை கிடையாது. நான் அதைப் பார்த்து நக்கலடித்தபோது ஹமீசி சிரிக்கவில்லை. அவன் ஊரில் கரையோரத் தென்னை ஒரு வரிசை முழுவதையும் கடல் எடுத்துவிட்டதாம்.

“அது பொய்யில்ல செல்வா பாய். கடல் ஏறுது, நானே பாத்தேன். கேஸ் எடுக்காதேன்னு எங்ககிட்ட வந்து சொல்றாங்க. ஏத்துனது நாங்களா? எங்க தெருவுல ஃபிரிட்ஜ் இருக்கிறது நாலு வீட்டுல. எடுத்தாலும் கெடுதல், எடுக்காட்டியும் கெடுதல். ரெண்டும் எங்க தலையிலதான் விடியுது.”

வீரபாண்டி கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “எடுக்கிறத ஒழுகாம எடுத்தா பாதிக் கெடுதல் கொறஞ்சிரும்டா ஹமீசி. ஒழுக விட்டுட்டு மாநாடு போட்டா எல்லாஞ் சரியாயிருமா?”

இருபத்தொன்றாம் வருஷம் பக்கத்து ஆலைகளில் கசிவைக் குறைக்க முடிவெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் படம் பிடிக்கிற கேமராவோடு ஆட்கள் குழாய் குழாயாக நடந்தார்கள். பழைய வால்வுகளை மொத்தமாகக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. கழற்றியதெல்லாம் எங்கள் யார்டுக்கு வந்து மலை மாதிரிக் குவிந்தது. அதே சமயம் ஹமீசியின் ஊரில் ஒரு உள்ளூர்க் கம்பெனி, கடலில் எடுக்கிற வாயுவிலிருந்து சமையல் கேஸ் பிரித்து சிலிண்டரில் அடைக்கச் சின்னதாக ஓர் ஆலை போடக் கிளம்பியது. வெளிநாட்டு பாங்குகள் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் இனிமேல் கடன் இல்லை என்று கையை விரித்துவிட்டன. பூமி சூடாகிறதாம். புதுச் சாமான் வாங்க வழியில்லாமல் அந்தக் கம்பெனி பழைய சாமான் தேடியது. ஒரு வியாபாரி மூலமாக எங்கள் குவியலில் வந்து நின்றது. காற்று கெடக் கூடாது என்று இங்கே கழற்றிய வால்வு, காற்று கெடக் கூடாது என்று கடன் மறுக்கப்பட்ட ஊருக்குக் கப்பலேறப் போகிறது. இரண்டு பக்கமும் நல்ல எண்ணம்தான். நடுவில் மாட்டினவன் ஹமீசி.

அவன் அப்படி நினைக்கவில்லை. வளைகுடாவில் வால்வு வேலை பார்த்தவன் என்று அந்த ஆலையில் அவனுக்கு ஷிஃப்ட் பொறுப்பாளர் உத்தியோகம் கிடைத்தது. தலைகால் புரியாமல் ஆடினான். இருபத்திரண்டு ஜனவரியில் கிளம்பும்போது வீரபாண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்கு வர்ற வால்வுல உங்க நம்பர் இருக்கணும் பாய்” என்றான். “எல்லாத்துலயும் இருக்கும், போ” என்றார்.

மார்ச் மாசம் அவருடைய மகள் சந்தியாவுக்குக் கல்யாணம். ஹமீசியின் ஆலைக்கு மொத்தம் அறுபத்துநாலு வால்வு. கிளம்புவதற்கு முன் நாற்பதை முடித்துவிட்டார். பழசு என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது. மிச்சம் இருபத்துநாலு. பிளையரை என் கையில் கொடுத்தார்.

“சிங்கு, இது நம்ம ஹமீசிக்குப் போறது. அஞ்சு நிமிசம் நிப்பாட்டி முழுசா எண்ணு. தேறலயா, எடுத்து ஓரமா வையி. நான் வந்து பாத்துக்கிருவேன்.”

“நீங்க கல்யாணத்தப் பாருங்க அண்ணாச்சி. நான் என்ன நேத்தா வந்தேன்?” என்றேன்.

பதினைந்து வால்வை ஒழுங்காகத்தான் பார்த்தேன். கர்த்தர் அறிய அதில் பொய் இல்லை. கடைசி ஒன்பது மிஞ்சிய அன்று மத்தியானம் விஷால் வந்து, கண்டெய்னர் சாயங்காலம் மூடுகிறது, யல்லா யல்லா என்று பறந்தான். அவன் மேல் பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் வீரபாண்டி இருந்திருந்தால் அவன் கத்திவிட்டுப் போயிருப்பான், அவ்வளவுதான். உண்மைக் காரணம் வேறு. மறுநாள் அல் ஐனில் ஊர்க்காரர் வீட்டில் பிள்ளைக்கு ஞானஸ்நானம், ஆட்டுக்கறி விருந்து. நாலு மணிக்கு வண்டி கிளம்புகிறது. அந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே நினைப்பு.

ஐந்து நிமிஷம் நிற்பதை விட்டேன். பிறகு எண்ணுவதை விட்டேன். அதில் இரண்டு வால்வில் குமிழி எண்ணவே முடியாத வேகத்தில் கொப்பளித்தது. குழாயைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன். பார்க்காவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா? ‘அங்க போனதும் எப்படியும் ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டுத்தான மாட்டுவானுவ’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒன்பதிலும் முப்பத்தொன்றை நசுக்கினேன். சர்டிபிகேட்டில் அவர் மாதிரியே கையெழுத்தும் போட்டேன். நாலு மணி வண்டியில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது.

மே மாசம் வீரபாண்டி திரும்பி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டீ நேரத்தில் அவர் போனுக்கு ஒரு படம் வந்தது. மரப்பெட்டி, உள்ளே வரிசையாக வால்வு, ஹமீசியின் விரல் ஒரு ஈயக் குண்டைத் தொட்டுக் காட்டுகிறது. கூடவே அவன் குரல். வீரபாண்டி ஸ்பீக்கரில் போட்டார்.

“பாண்டி பாய், எல்லாத்துலயும் முப்பத்தொண்ணு! இங்க டெஸ்ட் மேடை கிடையாது. தலைநகர்லேருந்து ஆளு வரவழைச்சு மறுபடி சோதிக்கணும்னு இன்ஜினியர் சொன்னார். நான் விடல. இந்த நம்பர் இருந்தா சோதனையே வேண்டாம், இந்த ஆளுகூட அஞ்சு வருஷம் நின்னவன் நான்னு சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டார் பாய்!”

வீரபாண்டி அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அந்த யார்டில் அவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. கண் கலங்கியிருந்தது. “கேட்டியாய்யா சிங்கு” என்று என் தோளில் தட்டினார்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஆலை ஓடத் தொடங்க இன்னும் ஐந்து மாசம் கிடந்தது. ஒன்பது வால்வைக் கழற்றிச் சோதிக்கச் சொல்ல ஒரு வார்த்தை போதும். வேலை போகும், அவர் முகத்தில் விழிக்க முடியாது, வேறென்ன? என் வாயில் அந்த வார்த்தை வந்து நின்றது சத்தியம். “நல்லது அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு டீயை ஊற்றினேன். அல் ஐன் விருந்துக்காவது ஆசை என்று ஒரு காரணம் உண்டு. இதற்கு என்ன காரணம் சொல்ல? கோழைத்தனம்தான்.

அக்டோபரில் ஆலை ஓடியது. ஹமீசி ஒரு வீடியோ அனுப்பினான். ஜுஹுரா புது அடுப்பைப் பற்ற வைக்கிறாள். நீலமாக எரிவதைப் பார்த்துக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் தெருவில் அன்றைக்கு ஒன்பது வீட்டுக்கு சிலிண்டர் வந்ததாம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிலிண்டர் நிரப்புகிற கொட்டகையில் தீ. மேலே குழாயில் இருந்த ஒரு ரிலீஃப் வால்வு கசிந்து கசிந்து, கனமான வாயு தரையோடு தேங்கிக் கிடந்திருக்கிறது. மோட்டார் சுவிட்சைப் போட்டதும் பிடித்துக்கொண்டது. சிலிண்டர் தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர், அவர்களை இழுக்க உள்ளே ஓடிய ஹமீசி, மூன்று பேரும் போய்விட்டார்கள். அவன் தம்பி எங்களுக்குச் செய்தி அனுப்பினான்.

வீரபாண்டி ஒரு வால்வுப் பெட்டி மேல் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எல்லாத்தையும் எண்ணுனியாய்யா?”

“எண்ணுனேன் அண்ணாச்சி” என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேடையைப் பார்த்துச் சொன்னேன். அதன் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை.

விசாரணை அறிக்கை வர ஜூன் ஆனது. கசிந்த வால்வின் படம், அதில் கருகாமல் மிஞ்சிய ஈயம், ஈயத்தில் முப்பத்தொன்று. மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சர்டிபிகேட்டில் தேதி மார்ச் பதினேழு, நீ ஒன்பதாம் தேதியே விமானம் ஏறிவிட்டாய், யார் சீல் போட்டது என்று வீரபாண்டியிடம் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான் சார்” என்றார் வீரபாண்டி. “கடைசி லாட்ட டெஸ்ட் பண்ணாமலே சீல் போட்டு வச்சிட்டுப் போயிட்டேன். மகள் கல்யாண அவசரம். தேதி ஆபீஸ்ல பின்னாடி போட்டது.”

மேனேஜர் என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்றார்.

“யெஸ் சார்” என்றேன்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். “ஏன் அண்ணாச்சி இப்பிடிச் சொன்னிய?”

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “பிளையரக் குடுத்தது நான். யாருக்குக் குடுத்தேன்னு ஆரம்பிச்சா ஷம்சாத், சித்தீக், எல்லாத்தையும் கிளறுவாங்க. அத்தன குடும்பமும் தெருவுக்கு வரணுமா? ஒருத்தன் போனாப் போதும்.” கொஞ்ச தூரம் நடந்து நின்றார். “அந்தப் பய என் நம்பரத்தானய்யா நம்புனான். வேற யாரு பதில் சொல்றது?”

விசா ரத்தாகிக் கிளம்பப் பதினோரு நாள் ஆனது. அதே ரூமில்தான் இருந்தோம். தினமும் எனக்கும் சேர்த்துச் சோறு பொங்கினார். கருவாட்டுக் குழம்பு வைத்தால் எனக்குப் பிடித்த துண்டை என் தட்டில் போட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் உடைந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவருக்கு அது தெரிந்துதான் திட்டவில்லையோ என்னவோ. கேம்பில் சிலர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஏர்போர்ட் வண்டியில் பெட்டியை ஏற்றிவிட நான் ஒருவன்தான் போனேன். வெட்கம் இருந்திருந்தால் அதற்கும் போயிருக்க மாட்டேன்.

அவர் இடத்துக்குச் சோதிக்கிற ஆள் வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்து ஒரு நம்பரும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அதுவும் எழுத வேண்டியதுதான்.

அந்த வருஷக் கடைசியில் துபாயில் பெரிய பருவநிலை மாநாடு நடந்தது. உலகம் முழுக்க இருந்து வந்தார்கள். மெஸ் ஹாலில் டிவியில் பார்த்தோம். ஆப்பிரிக்கா வாயு எடுக்கலாமா கூடாதா என்று கோட்டுப் போட்டவர்கள் காரசாரமாகப் பேசினார்கள். இரண்டு கட்சியும் பேசியது நியாயமாகத்தான் பட்டது. ஹமீசியின் ஊர் ஆலையை அதற்குள் மூடிவிட்டார்கள். இப்படி ஆபத்து வரும் என்றுதான் கடன் கொடுக்கவில்லை என்று மறுத்தவர்கள் சொன்னார்களாம். பள்ளிக்கூடக் கூரையில் ஆறு சோலார் தகடு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். விளக்கு எரிகிறது, சோறு வேகாது. ஜுஹுரா மறுபடி கரி வாங்குகிறாள் என்று ஹமீசியின் தம்பி சொன்னான். நான் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

வீரபாண்டி ஊரில் ஒரு சோலார் காட்டில் வேலைக்குப் போனார். கமுதிப் பக்கம் இப்போது முள்ளுக்காடு இருந்த இடமெல்லாம் கண்ணாடித் தகடுதானே. அதைக் கழுவுகிற வேலை. எப்போதாவது போன் பண்ணுவேன். “இங்க ஒழுகுறதுக்கு ஒண்ணுமில்லய்யா, வெயிலு மட்டுந்தான்” என்று ஒருநாள் சிரித்தார். போன மே மாசம் தகடு கழுவிக்கொண்டிருந்த இடத்திலேயே மாரடைப்பில் விழுந்து இறந்தார். ஐம்பத்தாறு வயசு. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி நான் போகவில்லை. லீவு கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

மலருக்கு எழுதக் கேட்டதும் போன வெள்ளிக்கிழமை காலையில் அவர் மனைவி நாகஜோதிக்குப் போன் போட்டேன். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் மதினி என்றேன்.

“என்னத்த எழுதப் போறீக தம்பி? மூணு உசுர எடுத்தவருன்னா?” என்றார்.

வீட்டிலாவது சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் தூங்கினேன். சொல்லவில்லை. கட்டின மனைவியிடம் கூடச் சொல்லவில்லை.

நான் சொன்னேன். குமிழி, பிளையர், ஆட்டுக்கறி, மேனேஜர் ரூமில் சொன்ன யெஸ் சார், ஒன்றையும் மறைக்கவில்லை. இதையே எழுதி மேனேஜருக்கும் கொடுக்கப்போகிறேன், ஹமீசி வீட்டுக்கும் தெரிவிக்கப்போகிறேன் என்றேன். சொல்லி முடித்தேன். கட் ஆகிவிட்டதோ என்று மதினி, மதினி என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

“இருக்கேன் தம்பி” என்றார். பிறகு மெதுவாகப் பேசினார். “கல்யாண அவசரத்துல மூணு பேரு செத்தாங்கன்னு சம்பந்தி வீட்டுல ஒரு நாளு வாய்விட்டுச் சொல்லிட்டாக. அன்னையிலருந்து சந்தியா இங்க வர்றதில்ல. எங்கல்யாணத்தால தானப்பா அந்தப் பிள்ளைக செத்துச்சுன்னு போன்ல அழுதா. இவரு பேசாம நின்னாரு. ஒரு வார்த்த, இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லல. நாங் கேட்டேன், மனுசனா நீயின்னு கேட்டேன். அதுக்கும் நின்னாரு.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“ரெண்டு வருசம் தம்பி. அந்த மனுசன் மொகத்தப் பாத்து நான் சோறு போடல. தட்டக் கொண்டாந்து வச்சிட்டு அடுப்படிக்குப் போயிருவேன். தனியாத்தான் தின்னுட்டுப் போவாரு. செத்த அன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான் தின்னுட்டுப் போனாரு.”

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, சந்தியாவிடம் இதை நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள் என்று அவள் நம்பரைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன் என்றதும், “வச்சிரட்டா தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.